மாட்டுக் கொட்டாய்க்குப் புதுமனை புகுவிழா

நான் பி.ஏ. படித்தது ஒரு மாட்டுக் கொட்டாயின் புண்ணியத்தில். இதைச் சொன்னால் ஆபீசில் என்னோடு வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துக்கொள்வேன். ஆனால் அந்தக் கொட்டாயை முன்னிட்டு என் அம்மா பத்து நாள் அப்பாவோடு பேசவில்லை. அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டுக் குழம்பில் ஒரு நாள் உப்பு கரித்தது, மறுநாள் உப்பே இல்லை. அப்பா இரண்டையும் சத்தம் போடாமல் சாப்பிட்டார்.

ஐம்பதுகளின் கடைசி அது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, ரோட்டை விட்டு இரண்டு மைல் உள்ளே எங்கள் ஊர். இரண்டு காணி நிலம். அதில் மானாவாரியாக மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, ஓரத்தில் கொஞ்சம் கேப்பை. நான் ஒரே பெண். திண்டிவனத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன், நல்ல மார்க். பள்ளிக்கூடத்தில் காலேஜுக்கு விண்ணப்பம் போடச் சொன்னார்கள், சும்மா போட்டுவைத்தேன். சென்னையில் ஒரு பெண்கள் காலேஜில் இடம் கிடைத்து கார்டே வந்துவிட்டது. குறிப்பிட்ட ஒரு திங்கட்கிழமைக்குள் சம்பளமும் ஹாஸ்டல் பணமுமாக இருநூற்று இருபது ரூபாய் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும்.

வீட்டில் இருபது ரூபாய்கூட இல்லை. போன அறுவடையில் செடி பச்சைப்பசேல் என்று நின்றதே தவிர, பிடுங்கிப் பார்த்தால் வேரில் காய் இல்லை. வட்டிக்கு வாங்கலாம் என்றால், ஒரு தடவை கிணறு வெட்ட நிலத்தை அடகு வைத்துவிட்டு எட்டு வருஷம் வட்டி கட்டிய அப்பா, இனிமேல் பத்திரத்தில் கையெழுத்தே போடுவதில்லை என்று சபதம் செய்திருந்தார். அந்தச் சபதத்தை அவர் சாகும்வரை மீறவில்லை. மூன்று நாள் வயலையே சுற்றிச் சுற்றி வந்தார். நாலாம் நாள் வந்து, நமக்கு வரவேண்டிய மொய்யை வாங்கிவிடலாம் என்றார்.

எங்கள் பக்கத்தில் மொய் என்பது சும்மா கொடுக்கும் பணமில்லை. ஒரு வீட்டில் காதுகுத்து, கல்யாணம் என்றால் போய் ஐந்தோ பத்தோ எழுதிவிட்டு வருவோம். நம் வீட்டில் விசேஷம் வரும்போது அவர்கள் அதை எடுத்துவந்து திருப்பி எழுத வேண்டும். அம்மா என்னைப் பெற்ற நாளிலிருந்து பதினாறு வருஷம் எழுதியிருந்தாள். மோர் விற்ற காசு, முட்டை விற்ற காசு, அடுத்தவர் வயலில் களை பறித்த கூலி எல்லாம் மொய்யாகத்தான் போயிற்று. எழுதப் படிக்கத் தெரியாது. யாருக்கு, எந்த விசேஷத்தில், எவ்வளவு என்று எல்லாம் மனப்பாடம். ஆனால் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் விசேஷமே நடக்கவில்லை. நான் வயதுக்கு வந்தபோது பங்காளி வீட்டில் ஒரு சாவு. தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு சரி. ஆகவே அம்மாவின் கணக்கில் இருந்தது ஒரே ஒரு விசேஷம். அது என் கல்யாணம். அந்த மொய்யில்தான் தாலிக்குப் பவுன், அந்த மொய்யில்தான் பந்திச் செலவு, பாத்திரம், பாய், தலையணை.

அதில்தான் அப்பா கை வைத்தார். அம்மா பத்து நாள் மௌனத்துக்கு முன்னால் கடைசியாகப் பேசியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

“கல்யாணத்துக்கு வர வேண்டிய மொய்ய காலேஜுக்கு வாங்கிட்டா, நாளைக்கு இவ கல்யாணத்துக்கு எவன் வந்து எழுதுவான்? வெறும் பந்தல்ல ஒக்கார வெச்சி தாலி கட்டுவீங்களா?”

அம்மா சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குக் காலேஜ் வேண்டும் என்று இருந்தது. அந்த வயதில் நான் கொஞ்சம் கல்நெஞ்சுக்காரிதான்.

அடுத்த சிக்கல், மொய் வாங்க ஒரு விசேஷம் வேண்டுமே. என் காது எப்போதோ விசேஷம் வைக்காமலே குத்தியாகிவிட்டது. வீடு தாத்தா காலத்து வீடு. யோசித்துப் பார்த்ததில், போன ஐப்பசி மழையில் சரிந்து விழுந்த மாட்டுக் கொட்டாய்க்கு அப்பா புதிதாகக் கால் நட்டு, பனையோலை வேய்ந்திருந்தார். அதற்குப் புதுமனை புகுவிழா வைப்பது என்று முடிவாயிற்று. ஆனி மாதத்தில் யாரும் புது வீடு புகமாட்டார்கள். மாட்டுக்கு மாதம் ஏது என்று அப்பா அதையும் முடித்துவிட்டார். திண்டிவனத்தில் பத்திரிகை அடிக்கப் போனபோது அச்சுக்கூடத்துக்காரர் வீடு எத்தனை அறை என்று கேட்டாராம். இரண்டு மாடு கட்டலாம் என்றாராம் அப்பா. அந்த மனிதர் சிரிக்காமல் வேலையை முடித்துக் கொடுத்ததோடு, கௌரவமாக இருக்கட்டும் என்று தன் செலவில் ‘கோமாதா இல்லம்’ என்று மேலே ஒரு வரியும் சேர்த்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விசேஷம். கட்ட வேண்டிய திங்கட்கிழமைக்கு இன்னும் எட்டு நாள். சொந்தபந்தம் எல்லாம் வந்தது. சர்க்கரைப் பொங்கலும் சாம்பாரும் போட்டோம். ஊர் மளிகைக் கடைக்காரர்தான் மொய் எழுத உட்கார்ந்தார். நோட்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, பித்தளைத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் எங்கள் கணக்கு எங்கே பிசகியது என்று தெரிந்துவிட்டது. புதுமனை புகுவிழாவுக்குப் பணத்தைவிடப் பாத்திரம் வைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. சொம்பு பதினொன்று, தாம்பாளம் ஆறு, குடம் நாலு, கண்ணாடி போட்ட லட்சுமி படம் ஐந்து. மாட்டுக் கொட்டாயில் லட்சுமியை எங்கே மாட்டுவது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. என் தாய்மாமன் எல்லாரையும் மிஞ்சினார். மேளத்தோடு, கழுத்தில் மாலை போட்ட ஒரு கிடேரிக் கன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். மாட்டுக் கொட்டாய்க்கு மாடுதானே சீர் வைக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது ஒருவராலும் மறுத்துப் பேச முடியவில்லை.

தட்டில் விழுந்த பணம் எண்பத்தாறு ரூபாய். அப்பா கன்றுக்குட்டியையும் சொம்புகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கொட்டாயின் பின்பக்கம் போய் அழுதேன். கன்றுக்குட்டி வந்து என் பாவாடையை நக்கியது. அதை ஒரு உதை விட்டேன். பிற்பாடு அந்த உதைக்காக வெட்கப்பட வேண்டிவந்தது.

மறுநாள் விடியற்காலையில் என்னை எழுப்பியது அம்மா. நோட்டை எடுத்துக்கொண்டு கூட வா என்றாள். அவள் மனம் மாறிவிட்டது என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். கையை உதறினாள். “ஒன் படிப்புக்காவ ஒண்ணும் இல்ல. நான் அஞ்சு ரூபா எழுதன வீட்டுக்காரி முக்கா ரூபா சொம்ப வெச்சிட்டு போறா. எனக்கு கணக்கு வேணும்” என்றாள்.

ஐந்து நாள் சுற்றினோம். முண்டியம்பாக்கம், திருவாமாத்தூர், விழுப்புரத்துக்கு இந்தப் பக்கம் சொந்தம் இருந்த எல்லா ஊரும். மொய்யை வாய்விட்டுக் கேட்பது கேவலம். அம்மா ஒரு வீட்டில்கூடக் கேட்கவில்லை. போவாள், உட்காருவாள், மோர் கொடுத்தால் குடிப்பாள். பிறகு பேச்சோடு பேச்சாக, “ஒங்க பெரியவனுக்கு மொட்ட அடிச்ச அன்னிக்கி மழ ஊத்துச்சே, நான் பத்து ரூபா எழுதிட்டு நனைஞ்சிக்கினே வூட்டுக்கு போனேன்” என்பாள். அவ்வளவுதான். வீட்டுக்காரி உள்ளே போவாள், பானைகள் நகரும் சத்தம் கேட்கும், பணம் வரும். பழைய மொய்யோடு கூடுதலாக ஒன்றோ இரண்டோ மூன்றோ வைத்துத்தான் கொடுத்தார்கள். நான் நோட்டில் எழுதுவேன். என் படிப்புக்கு நான் செய்த முதல் எழுத்து வேலை அதுதான். வெயில் தாங்காமல் நான் முகம் சுளித்தால், சென்னையில் போய் உட்கார்ந்துகொண்டே படிக்கப் போகிறவள்தானே, இப்போது நட என்று ஒரு அதட்டல் விழும்.

சனிக்கிழமை சாயங்காலம் எண்ணிப் பார்த்தோம். விழுப்புரத்துப் பாத்திரக் கடையில் குடங்களை விற்ற பணத்தையும் சேர்த்து இருநூற்று ஒன்பது. பதினொரு ரூபாய் குறைந்தது. இனிக் கேட்க ஆள் இல்லை. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா கேப்பைக் குதிருக்குள் கையை விட்டு ஒரு துணி முடிச்சை எடுத்தாள். பிரித்தாள். சரியாகப் பதினொரு ரூபாய், எல்லாம் சில்லறை. அப்பா கையை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. மளிகைக் கடைக்காரரைக் கூப்பிட்டு வரச் சொன்னாள். அவர் கடையை விட்டுவிட்டு வந்து நோட்டைத் திறந்தார். தன் பெயரைச் சொல்லி எழுதச் சொன்னாள். சொந்த வீட்டுக்கே யாராவது மொய் எழுதுவார்களா என்று அவர் சிரித்தார்.

“எழுதுங்க” என்றாள் அம்மா. “எழுதலைன்னா குடுத்ததா ஆவாது.”

அவர் எழுதினார். நோட்டின் கடைசி வரி அது.

காலேஜைப் பற்றி நான் நிறையச் சொல்லப்போவதில்லை. நாலு வருஷம் படித்தேன், பொருளாதாரம். ஹாஸ்டல் பணத்துக்கு முதல் இரண்டு வருஷம் அப்பா மல்லாட்டையோடு மல்லுக்கட்டினார். மூன்றாம் வருஷம் நான் உதைத்த அந்தக் கிடேரி கன்று போட்டுப் பால் கறக்க ஆரம்பித்தது. அதிலிருந்து மாதாமாதம் மணியார்டர் தவறாமல் வந்தது. நான் பாஸ் செய்த செய்தி கேட்டு மாமா வந்து முதலில் கொட்டாய்க்குப் போய் மாட்டுக்கு மாலை போட்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பரீட்சை எழுதி விழுப்புரத்தில் தாலுகா ஆபீசில் கிளார்க் வேலைக்குச் சேர்ந்தேன். மாமாவுக்கு அந்தச் சம்பளம் பிடிக்கவில்லை. எனக்குச் செலவழித்ததில் இந்நேரம் எத்தனை எருமை வாங்கியிருக்கலாம், அது எத்தனை ஈன்றிருக்கும் என்று வருகிறபோதெல்லாம் எண்ணுவார். ஒவ்வொரு வருஷமும் எருமைகள் பெருகிக்கொண்டே போயின. எருமைக் கணக்கில் பார்த்தால் என் படிப்பு நஷ்டம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருநாள் பட்டா விஷயமாக அப்பா ஆபீசுக்கு வந்தார். தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பழக்கப்படி வாசலுக்கு வெளியே நின்றார். நான் எழுந்து போய் அவரை உள்ளே கூட்டிவந்து என் மேசைக்கு எதிரே நாற்காலியில் உட்கார வைத்தேன். துண்டு தானாகத் தோளுக்குப் போயிற்று. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எத்தனை எருமைக்கும் கொடுக்க மாட்டேன்.

சரி, பட்டதாரி செய்த முட்டாள்தனத்துக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்ததும் மொய் நோட்டை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டேன். படித்தவள் நான், கடனும் என்னுடையது என்று பெருமையாகச் சொன்னேன். முதல் சம்பளத்தில் அம்மாவின் பதினொரு ரூபாயைத்தான் முதலில் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. மொய்யை விசேஷத்தில்தான் திருப்ப வேண்டும், எனக்கு என்ன விசேஷம் நடக்கிறது என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள். மற்றவர்களுக்கு விசேஷம் வந்தது. அந்தத் தை மாதத்தில் மட்டும் மூன்று. மூன்றுக்கும் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறிப் போனேன். அம்மா எழுதியதற்கு மேல் கூடுதலாக இரண்டு ரூபாய் வைத்திருந்த வீட்டுக்குச் சரியாக இரண்டு ரூபாய். மூன்று வைத்த வீட்டுக்கு மூன்று. ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வந்து ஆபீஸ் சிவப்பு மையால், ஸ்கேல் வைத்து, பெயர்களை அடித்தேன். பற்றும் வரவும் நேராகிவிட்ட அழகைக் கொஞ்ச நேரம் ரசித்தேன்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனால் வீட்டில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், மூன்று விசேஷ வீட்டுக்காரிகளும். ஒருத்தி எனக்குப் பெரியம்மா முறை. அவள் கண் சிவந்திருந்தது. “நாங்க இன்னா தப்பு பண்ணோம், ஒறவே வாணாம்னு கணக்க முடிச்சிட்டு வந்திருக்கா ஒம் பொண்ணு” என்று அம்மாவைக் கேட்டாள்.

எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை அது. வந்த மொய்யோடு ஒன்றாவது சேர்த்துத்தான் திருப்புவார்கள். சேர்த்தது அவர்களிடம் நம் பாக்கியாக நிற்கும். அதைத் திருப்ப அவர்கள் நம் வீட்டு வாசலுக்கு வந்தாக வேண்டும். சரியாகத் திருப்பினால் இனி வரவேண்டாம் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். ஆனால் நாலு வருஷம் பொருளாதாரம் படித்துவிட்டு வந்தவளுக்குக் கடன் என்றால் தீர்க்க வேண்டிய ஒன்று என்பது மட்டும்தான் தலையில் நின்றது. எனக்கு முகம் எரிந்தது. அழுகையும் வந்தது.

அம்மா என்னை அவர்கள் முன்னால் திட்டவில்லை. சாயங்காலமே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தலைக்கு ஒன்றேகால் ரூபாய் எடுத்துக்கொண்டு மூன்று வீட்டுக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனாள். மூன்று வீட்டிலும் ஒரே வசனம்தான். இது படிச்ச பொண்ணு, இதுக்கு ஒண்ணும் தெரியாது, மனசுல வெச்சிக்காதீங்க. அதைக் கேட்டு அவர்களுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. பெரியம்மா எனக்கு அதிரசம் கொடுத்துக் கன்னத்தைக் கிள்ளினாள். பல்கலைக்கழகம் கொடுத்த பட்டத்தை ஊரில் யாரும் மதித்ததாக நினைவில்லை; ஒன்றும் தெரியாதவள் என்ற பட்டத்தை எல்லாரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். சிவப்பு மையை அழிக்க முடியாது என்பதால் அந்த மூன்று பெயரையும் கீழே மறுபடி எழுதினேன்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் நான் போகாத காதுகுத்து இல்லை, மஞ்சள் நீராட்டு இல்லை. ஒவ்வொன்றிலும் கணக்குக்கு மேல் கூட வைத்தேன். என் சம்பளத்தில் பாதி பொங்கலும் வடையுமாக எனக்கே திரும்பி வந்தது.

அறுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை விழுப்புரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். நாள் நெருங்க நெருங்க அம்மாவுக்குப் பழைய பயம் பிடித்துக்கொண்டது. வாங்க வேண்டியதை மாட்டுக் கொட்டாய்க்கே வாங்கித் தின்றுவிட்டோம், இனி எவன் வருவான் என்று புலம்பிக்கொண்டே பந்தலுக்குக் கால் நட்டாள். அன்றைக்குக் காலையிலேயே போய் மளிகைக் கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். முதல் ஆளாக வந்தது பெரியம்மா. அவளுக்குப் பின்னால் ஆறு வருஷமாக நான் எழுதிய வீடுகள் எல்லாம் வரிசையாக வந்தன. மாமா ஒரு பசுமாட்டோடு வந்தார், நல்லவேளை மேளம் இல்லை. மத்தியானம் தட்டு நிறைந்ததும் துணியில் கொட்டி முடிந்தார்கள். தாலிப் பவுனுக்கும் பந்திக்கும் போக மிச்சம் இருந்தது. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே அடுத்த பெயரைச் சொன்னாள்.

எங்களை விழுப்புரத்துக்கு அழைத்துப் போக வாடகைக் கார் வந்து நின்றது. நான் மணப்பெண் கோலத்தில் எழுந்து மொய் எழுதும் இடத்துக்கு நடந்தேன். மடியில் முடிந்து வைத்திருந்த இருபத்தொரு ரூபாயைத் தட்டில் வைத்து என் பெயரைச் சொன்னேன். பழையது பதினொன்று, அதன்மேல் பத்து. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற இந்தக் கல்யாணம்தான் அம்மாவுக்கு நடக்கிற ஒரே விசேஷம் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்திருந்தது. மளிகைக் கடைக்காரர் பேனாவை மூடிவிட்டார். கல்யாணப் பெண்ணே மொய் எழுதி நான் பார்த்ததில்லையே என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “எழுதுங்க. எழுதலைன்னா குடுத்ததா ஆவாது” என்றாள். அவர் எழுதி முடித்ததும் பணத்தை எடுத்து எண்ணினாள். பத்து ரூபாய் நோட்டைத் தனியாகப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

“இத நான் எங்கடி வந்து திருப்புவேன்?”

அவளே பதிலும் சொன்னாள். “ஒனக்கு ஒரு பொண்ணு பொறந்து அது காலேஜுக்கு போறப்ப ஒரு மாட்டுக் கொட்டாய் போடு. வந்து எழுதறேன்.”

விழுப்புரத்தில் வாடகை வீட்டில் எனக்கு மாடு ஏது என்று கேட்டேன்.

“நீ கொட்டாய போடு. மாட்ட எந் தம்பி புடிச்சிக்கினு வருவான்.”

கார் புறப்பட்டுத் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தப் பத்து ரூபாய் அவள் கையிலேயே இருந்தது.